அறப்பணிக்கான பாலைவனப் பந்தயம்: முதல்முறை அணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயம்புத்தூருக்கு மோட்டார் பந்தயம் புதிய ஆசையன்று. செட்டிப்பாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வண்டிகள் சீறுவதைப் பார்த்து வளர்ந்த நான்கு நண்பர்கள், பழைய ஜீப் ஒன்றை வாங்கித் தங்கள் பட்டறையிலேயே பிரித்துக் கோத்து, ஒரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுவதற்காக ராஜஸ்தானத்துத் தார் பாலைவனத்தில் பல நாள் ஓடும் பந்தயத்துக்குப் பெயர் கொடுப்பதில் வியப்பில்லை. அப்படிப் போன ஓர் அணியில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் வழி சொல்லிக்கொண்டு உட்கார்ந்தவன் நான். எங்கள் தவறுகளில் பாதிக்கு மேல் பாலைவனத்தில் நிகழவில்லை. கோவையின் கணபதிப் பகுதியில் உள்ள எங்கள் லேத் பட்டறையிலேயே நிகழ்ந்துவிட்டன.

அவற்றுள் பெரியது எடை. கைத்தொழில் தெரிந்த ஊர் என்பதே இங்கு நமக்கு எதிரியாகிறது. "கூடக் கொஞ்சம் இரும்பு போட்டுக்கலாமுங்க" என்று ஒருவர் சொன்னால் மறுப்பதற்கு ஆளில்லை. கனத்த பம்பர், கூரைமேல் சுமைத்தட்டு, அதன்மேல் இரண்டு உதிரிச் சக்கரங்கள் என்று சேர்த்துக்கொண்டே போனால், மணல்மேல் மிதந்து செல்ல வேண்டிய வண்டி மணலை உழுதுகொண்டு போகும். உயரத்தில் ஏற்றிய சுமையோ சரிவில் வண்டியைக் கவிழ்க்கவே பார்க்கும். எடையைக் குறைப்பதற்காக ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் கூடு), இருக்கை பெல்ட், தீயணைப்பான் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது. மற்ற எதையும் பொருத்துவதற்கு முன்பும் பின்பும் வண்டியை எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பது நல்லது.

அடுத்தது டயரின் காற்று. தார்ச்சாலையில் 30 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அளவில் ஓடிப் பழகியவருக்குக் காற்றை இறக்க மனம் வராது. ஆனால் காற்றைக் குறைத்தால்தான் டயர் நீளவாக்கில் படர்ந்து, எடையைக் கூடுதலான மணற்பரப்பில் பகிர்ந்தளிக்கும். மணல்மேடுகளில் 18 வரை இறக்கலாம். சிக்கிக்கொண்டால் 15 வரைகூட இறக்கலாம். அதற்கும் கீழே போய்விட்டு வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். கெட்டித்தரை வந்ததும் மீண்டும் ஏற்றுவதற்குக் கம்ப்ரசர் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

நொய்யல் படுகையில் ஓட்டிப் பார்த்ததைப் பயிற்சி என்று நாங்கள் எண்ணியதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஈரம் பிடித்த ஆற்றுமணல் வேறு, நெல் குவியல்போல் சரியும் பாலைமணல் வேறு. பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஜெய்சல்மேர் போய்ச் சேர்ந்து, குளிர்ந்து இறுகியிருக்கும் விடியற்கால மணலிலும், இளகிப்போன உச்சிவேளை மணலிலும் ஓட்டிப் பார்ப்பதே பயிற்சி. மணல்மேட்டின் காற்றடிக்கும் பக்கம் மெல்லிய சாய்வாக இருக்கும். மறுபக்கம் ஏறத்தாழ 34 பாகைவரை கடுஞ்சரிவாக இறங்கும். ஆகவே உச்சியில் வேகத்தைத் தணித்து அப்பால் என்ன இருக்கிறதென்று பார்த்த பிறகே நேராக இறங்க வேண்டும். குறுக்காக இறங்கினால் வண்டி உருளும். சக்கரம் சுழன்றும் வண்டி நகரவில்லையெனில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். மேலும் மிதித்தால் அச்சு மணலில் உட்கார்ந்துவிடும், கிளட்சும் கருகும். மண்வெட்டியால் சக்கரத்தின் முன்னும் அடிப்பாகத்திலும் மணலை அள்ளிவிட்டுப் பலகை வைப்பதே வழி.

வழிகாட்டி இருக்கையை யாரேனும் ஒருவர் வந்து நிரப்பினால் போதும் என்று நினைப்பதும் தவறு. பாலைவன நெடும்பந்தயமான டக்கார் பந்தயத்தைத் தொடங்கிய தியரி சபீனே 1977ல் லிபியப் பாலைவனத்தில் வழி தவறியவர். 1982ல் அன்றைய பிரிட்டன் பிரதமரின் மகன் மார்க் தாட்சர் அதே பந்தயத்தில் ஆறு நாள் காணாமல் போனார். போக வேண்டிய வழியைக் காட்டும் தடப்புத்தகத்தின் குறியீடுகளைக் குலுங்கும் வண்டியில் படிக்கவும், தூரமானியை அடிக்கடி சரிசெய்யவும் பல வாரம் பழக வேண்டும். வழி தவறினால் வண்டியை விட்டு நடக்கக் கூடாது. தேடி வருபவர் கண்ணுக்கு மனிதனைவிட வண்டி எளிதில் தென்படும்.

காகித வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வதானால், வழக்கமான கார் காப்பீடு பந்தயத்தில் நேரும் சேதத்துக்குப் பொருந்தாது. தனிக் காப்பீட்டையும் போட்டி உரிமத்தையும் முன்கூட்டியே பெற வேண்டும்.

பணத்தில்தான் நட்பு முறிகிறது. நன்கொடையையும் டீசல் செலவையும் ஒரே கணக்கில் போட்டுவிட்டால், கியர்பாக்ஸ் உடையும் நாளில் கை தானாகவே அந்தப் பணத்துக்கு நீளும். பந்தயச் செலவை அணியினர் தங்கள் கையிலிருந்தோ, செலவுக்கென்றே தருவதாகச் சொன்ன திருப்பூர், ஈரோடு நண்பர்களிடமிருந்தோ எடுக்க வேண்டும். நன்கொடை நேராக அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். கல்யாண வீட்டு மொய் நோட்டில் இருக்கும் ஒழுங்காவது இதில் இருக்கட்டும். இன்ன தொகை தருவோம் என்று அறக்கட்டளைக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுப்பதும் வேண்டாம்.

முடிவுக்கோட்டைத் தாண்டிய அன்றிரவே ஊருக்குக் கிளம்பியது எங்கள் கடைசித் தவறு. கோவைக்கு 2,000 கிலோமீட்டருக்கும் மேல் இருக்க, நான்கு பேரும் சரியாகத் தூங்கி ஐந்து நாளாகியிருந்தது. குஜராத் நெடுஞ்சாலையில் ஓட்டுநரின் கண் ஒரு கணம் மூடியதை, தடப்புத்தகம் கையில் இல்லாததால், நான் தற்செயலாகத்தான் பார்த்தேன். வண்டியை லாரியில் ஏற்றிவிட்டு ரயிலில் திரும்புவதற்கான பணத்தையும் முதல் நாளே செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள்.