ஆன் ஆகாத பழைய லேப்டாப்: ஹீட் கன்னை எடுப்பதற்கு முன்

சர்வீஸ் பழகுகிறவர்களிடம், சுவிட்ச் போட்டிருக்கிறதா, சார்ஜர் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லத் தேவையில்லை. அதையெல்லாம் பார்த்துவிடுகிறார்கள். நல்ல மதர்போர்டுகள் வீணாவது அதற்கு அடுத்த கட்டத்தில்தான்.

டிஸ்ப்ளே வராததையும் ஆன் ஆகாததையும் குழப்புவது

ஃபேன் சுற்றி, கேப்ஸ் லாக் விளக்கு அழுத்த அழுத்த மாறினால் லேப்டாப் ஆன் ஆகிவிட்டது, திரைதான் வரவில்லை. டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேக்லைட் (திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு) பழுது. விளக்கு, ஃபேன் எதுவுமே இல்லையென்றால்தான் பவர் பக்கம் போக வேண்டும்.

அடாப்டர் விளக்கை நம்புவது

விளக்கு எரியும், லோடு ஏறியதும் வோல்டேஜ் விழும். பவர் பட்டனை அழுத்தும் நேரத்திலும் லேபிளில் போட்டிருக்கும் வோல்ட்டுக்கு (பலவற்றில் 19.5) அருகிலேயே நிற்க வேண்டும். அதே வோல்ட், அதே வாட்ஸ் உள்ள வேறு நல்ல அடாப்டரைப் போட்டுப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

ஹீட் கன் வைத்தியம்

இன்றும் எரிச்சலூட்டுவது, சூடான காற்றடிக்கும் இந்தக் கருவியால் சிப்பைச் சரிசெய்யப் பார்ப்பதுதான். ஃபேன் சுற்றுகிறது, வெளி மானிட்டரிலும் படம் இல்லை என்றதும் 'கிராஃபிக்ஸ் சிப் போச்சு, சூடு காட்டினால் வந்துவிடும்' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. 2007ஐ ஒட்டி வந்த ஹெச்பி பெவிலியன் டிவி6000, டிவி9000, டெல் எக்ஸ்பிஎஸ் எம்1330 மாடல்கள் பலவற்றில் என்விடியா சிப்கள் வரிசையாகப் பழுதாயின. 2008 ஜூலையில் என்விடியாவே இந்தக் குறைக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. குறை சிப்பைப் போர்டோடு சேர்க்கும் சால்டர் உருண்டைகளில் இல்லை. சிப்புக்குள்ளே, சிலிக்கானை அடித்தட்டோடு சேர்க்கும் நுண்ணிய இணைப்புகளில் இருந்தது. சூடு பட்டதும் விரிசல் விட்ட இடம் கொஞ்ச நாள் ஒட்டிக்கொள்ளும், படம் வரும். வாடிக்கையாளர் பணம் கொடுத்து எடுத்துப் போவார். சில வாரங்களில் அதே லேப்டாப் திரும்ப மேசைக்கு வரும். மறுபடி சூடு காட்டினால் போர்டு உப்பும். ஈயம் கலக்காத சால்டர் உருகவே சுமார் 217 டிகிரி செல்சியஸ் வேண்டும். கைக்கணக்கில் காட்டும் ஹீட் கன் அதற்குள் பக்கத்து பிளாஸ்டிக் கனெக்டரை உருக்கிவிடும்.

இதைவிட வயிற்றெரிச்சல், ரேம் ஸ்லாட்டில் தூசி அடைத்திருந்த லேப்டாப்புக்கும் இதே வைத்தியம் நடப்பது. ஒரே ஒரு ரேமை வைத்து, ஸ்லாட்டை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் போர்டைச் சந்தேகிக்க வேண்டும். நான்காம் தலைமுறை இன்டெல் யு ரக (குறைந்த மின்சாரத்தில் ஓடும்) பிராசசர்களுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ரேம்தான், சாதாரண 1.5 வோல்ட் ரேம் போட்டால் படம் வராமல் போகலாம்.

சிப்தான் பழுது என்று உறுதியானால் புதுச் சிப் மாற்ற வேண்டும். அதே சிப்பை ரீபால் செய்து, அதாவது கழற்றிப் புது சால்டர் உருண்டைகள் வைத்து மறுபடி ஒட்டிப் பயனில்லை. செலவு லேப்டாப்பின் மதிப்பைத் தாண்டுமென்றால், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி டேட்டாவை எடுத்துக் கொடுத்து, உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

உள் பேட்டரியைக் கழற்றாமல் கை வைப்பது

கூடவே கூடாது. ரேமைத் தொடுவதற்கும் சேர்த்துத்தான்.

சிமாஸ் பேட்டரியை மறப்பது

போர்டில் கடிகாரத்தையும் செட்டிங்கையும் காக்கும் சின்னப் பேட்டரி இது. 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.5க்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். சில மாடல்கள் அது இல்லாமல் எழுவதில்லை.