'டல்' என்று ஆங்கிலத்தில் சொல்வதற்கு முன்

காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தமிழ்ப் பேச்சில் டல் என்கிறோம். "ஏன் டல்லா இருக்கீங்க?" என்பதும் அக்கறையான விசாரிப்புதான். அதையே 'வொய் ஆர் யூ டல்?' என்று கேட்டால், கேட்பவர் மனம் புண்படும். ஆங்கிலத்தில் ஓர் ஆளை டல் என்றால் மந்தபுத்திக்காரர், இல்லாவிட்டால் சுவாரசியமே இல்லாதவர். 'யூ லுக் டயர்ட்' என்று கேளுங்கள், போதும். வியாபாரம் டல் என்பது இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

பள்ளிகளில் சொல்லும் 'டல் ஸ்டூடண்ட்' அந்த ஆங்கிலப் பொருளோடு அப்படியே வந்த வசவு. எந்தப் பிள்ளைக்கும் அது வேண்டாம். கணக்கில் பின்தங்கியிருந்தால் கணக்கில் என்று சொல்லலாமே.

அடுத்தது மருத்துவரிடம் நேரும் குழப்பம். 'டல் பெயின்' என்றால் லேசான வலி என்று பலர் நினைக்கிறார்கள். லேசானதற்கு 'மைல்ட்' என்ற சொல் இருக்கிறது. டல் என்பது வலியின் தன்மை: குத்தாமல், இன்ன இடம் என்று விரல் வைக்க முடியாமல், விடாமல் இருப்பது. அது கடுமையாகவும் இருக்கலாம். மாரடைப்பிலேகூடப் பலருக்குக் குத்தல் இருக்காது, நெஞ்சை அழுத்துவது போலத்தான் இருக்கும். அதனால் வலி எவ்வளவு, எப்படிப்பட்டது என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

'போர் அடிக்குது' என்ற பழக்கத்தில் 'ஐ ஆம் போரிங்' என்று சொல்லிவிடுகிறோம். அதற்கு 'நான் ஒரு அறுவை' என்று அர்த்தம். அலுப்பு உங்களுக்கு என்றால் 'போர்ட்' (bored). அலுப்பைத் தரும் படமோ பேச்சோதான் 'போரிங்'.

அலுப்பிலும் வகை உண்டு. 'மொனாட்டனஸ்' மாறாமல் ஒரே மாதிரி ஓடுவது, மின்விசிறிச் சத்தம் போல. 'டீடியஸ்' இழுத்தடித்துக் களைப்பூட்டும் வேலை. வரி விண்ணப்பத்தில் பக்கத்துக்குப் பக்கம் கேள்வி மாறினாலும் அது டீடியஸ்தான்.

சாப்பாட்டில் இன்னும் கவனம் தேவை. வயிற்றுப் புண்காரருக்கு 'பிளாண்ட்' (bland) உணவு என்றால் காரமும் புளியும் குறைத்தது. இட்லி, கஞ்சி, தயிர்சாதம் எல்லாம் அதில் சேரும், குறை ஒன்றுமில்லை. 'இன்சிப்பிட்' என்றால் சப்பென்று இருக்கிறது என்று சமைத்தவரையே குறை சொல்வது.

கத்தி மழுங்கினால் டல், 'பிளண்ட்' இரண்டும் சரி. ஆளைப் பிளண்ட் என்றால் முகத்துக்கு நேரே போட்டு உடைப்பவர். புடவை நிறத்தை 'டிராப்' (drab) என்றால் எடுப்பே இல்லை என்ற வெறுப்பு தொனிக்கும். அடக்கமான நிறம் பிடித்திருந்தால் 'மியூட்டட்' என்று சொல்லுங்கள்.