பேதி: பிள்ளைக்கும் நாய்க்கும் வீட்டில் தர வேண்டிய நீரும் கஞ்சியும்

வயிற்றாலே போகிறது என்றதும் வீட்டில் எல்லோரும் தேடுவது அதை நிறுத்தும் மாத்திரையை. தேட வேண்டியதோ ஒரு டீஸ்பூனும் ஒரு லிட்டர் பாட்டிலும். சாதாரணப் பேதி பெரும்பாலும் சில நாளில் தானே அடங்கிவிடும். அதற்குள் உடம்பை விட்டுப் போகும் தண்ணீரும் உப்பும்தான் ஆளைச் சாய்க்கின்றன. பிள்ளைக்கும் அப்படித்தான், நாய்க்கும் அப்படித்தான். ஆனால் பிள்ளைக்குத் தருவதை அப்படியே நாய்க்குத் தரக் கூடாது. எங்கே ஒன்று, எங்கே வேறு என்பது தெரிந்தால் ஒரே அடுப்பில் இரண்டு பேருக்கும் சமைத்துவிடலாம்.

முதல் வேலை: உப்புச் சர்க்கரைக் கரைசல் (மனிதருக்கு மட்டும்)

கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் 1 லிட்டர். சர்க்கரை 6 டீஸ்பூன். தூள் உப்பு அரை டீஸ்பூன். அவ்வளவுதான். ஆனால் மூன்றுமே அளவு பிசகாமல் இருக்க வேண்டும்.

டீஸ்பூன் என்பது 5 மில்லி பிடிக்கும் சின்னக் கரண்டி. சாம்பார் ஊற்றும் கரண்டியோ பாயசம் சாப்பிடும் பெரிய ஸ்பூனோ அல்ல. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் மூடியில் 5 மில்லி கோடு இருக்கும். அந்தக் கோடு வரை தண்ணீர் எடுத்து உங்கள் ஸ்பூனில் ஊற்றிப் பாருங்கள். அதே ஸ்பூனில் உப்பை அள்ளி, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிடுங்கள். குவித்து அள்ளினால் ஏறக்குறைய இரண்டு பங்கு போய்விடும். கல் உப்பு மட்டும்தான் இருக்கிறது என்றால் பொடித்த பிறகு அளக்க வேண்டும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்று நிற்பதால் ஸ்பூன் நிறைந்தாலும் எடை குறையும்.

ஏன் இவ்வளவு கறார்? சிறுகுடலின் சுவரில் சர்க்கரையையும் சோடியத்தையும் ஜோடியாக உள்ளே இழுக்கும் வாசல் ஒன்று உண்டு. அந்த ஜோடியின் பின்னாலேயே தண்ணீரும் போகும். பேதியின்போதும் அந்த வாசல் பெரும்பாலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். சர்க்கரையை அதிகம் போட்டால் குடல் இழுத்தது போக மிஞ்சியது உள்ளேயே தங்கி, உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்கு வரவழைத்துப் பேதியைக் கூட்டும். உப்பு அதிகமானால் சின்னப் பிள்ளைக்கு ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரை போகும். கலக்கிய பிறகு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரை விடக் கரிப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

1971-ல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்கத்தின் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழி ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இப்படிப்பட்ட கரைசலைத்தான் டிரம் டிரம்மாகக் கலந்து, உறவினர்கள் கையாலேயே குடிக்க வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கரைசலை ‘வெறும் உப்புத் தண்ணி’ என்று யாராவது தள்ளினால் இதைச் சொல்லுங்கள்.

வீட்டுக் கரைசலில் ஒரு குறை உண்டு: பொட்டாசியம் கிடையாது. அதனால் கூடவே பாதி வாழைப்பழமோ கொஞ்சம் இளநீரோ கொடுக்க வேண்டும். இளநீர் மட்டும் போதாது. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தில் எல்லாமே கணக்காக இருக்கும், அது கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. 1 லிட்டருக்கான பொட்டலத்தைக் கிழித்து ஒரு டம்ளரில் கொஞ்சம் போட்டுக் கலக்குவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் தப்பு. முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் முழு லிட்டரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்கான சின்னப் பொட்டலமும் விற்கிறது, மேலே அளவு அச்சிட்டிருக்கும். கலக்கிய பின் கொதிக்க வைக்காதீர்கள், பாலிலோ ஜூஸிலோ கலக்காதீர்கள், 24 மணி நேரம் ஆனால் கொட்டிவிடுங்கள். ஆரஞ்சு, ஆப்பிள் சுவையில் அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானம் ஓஆர்எஸ் ஆகாது.

கொடுக்கும் விதம்

ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி, அதற்கு மேலே கேட்கிற அளவு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தவே கூடாது.

வாந்தி எடுத்தால் ‘எதுவும் நிற்கவில்லை’ என்று கைவிட்டுவிடுகிறார்கள். 10 நிமிடம் பொறுங்கள். பிறகு ஒன்று இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் கொடுங்கள். டம்ளரோடு கொடுத்தால் தாகத்தில் மடமடவென்று குடித்து மறுபடி வாந்தி வரும். ஸ்பூனில் கொடுத்தால் பெரும்பாலும் நிற்கும். இதற்கு ஒருவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும், வேறு வழியில்லை.

பிள்ளைகளுக்கு ஜிங்க் மாத்திரையும் வேண்டும்: 6 மாதத்துக்குக் கீழே தினம் 10 மில்லிகிராம், அதற்கு மேலே 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். பேதி நின்றாலும் நிறுத்தக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ஜாதிக்காயும் வசம்பும் உரைத்து ஊற்றும் வழக்கத்தை இந்த நேரத்தில் தள்ளி வையுங்கள். ஜாதிக்காய் அளவு மீறினால் மயக்கும். இப்போது பிள்ளை விழித்திருந்து குடிக்க வேண்டும்.

ஒரே குக்கரில் இரண்டு கஞ்சி

1. புழுங்கலரிசி நொய் 150 கிராம் எடுத்து, வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்து, இரண்டு தடவை கழுவுங்கள்.

2. ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, சின்னத் தீயில் 4 விசில் விடுங்கள். உப்பு போடாதீர்கள். பூண்டு, சின்ன வெங்காயம், வெந்தயம் எதுவும் இப்போது வேண்டாம்.

3. மூடியைத் திறந்ததும் நன்றாகக் கலக்கி, பாதியை நாயின் பாத்திரத்துக்கு எடுத்துவிடுங்கள். இந்த வரிசைதான் முக்கியம். நம் கஞ்சியில் பூண்டு இல்லாமல் இருக்காது. பூண்டும் வெங்காயமும் நாய், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வேக வைத்தாலும் அந்த விஷம் போகாது. வெந்த பிறகு பூண்டுப் பல்லை மட்டும் பொறுக்கி எடுத்துப் பயனில்லை.

4. மீதிப் பாதியில் சுடுதண்ணீர் விட்டு 1 லிட்டர் ஆக்கி, அரை டீஸ்பூன் உப்பு போடுங்கள். இது வீட்டு ஆட்களுக்கு. டம்ளரில் ஊற்றினால் குடிக்கிற பதத்தில் இருக்க வேண்டும்.

வெந்த கஞ்சியை வெயில் நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். புளித்த வாசம் வருவதற்கு முன்பே கிருமி பெருகியிருக்கும்.

நாய்க்கு

தோலும் எலும்பும் இல்லாத கோழி நெஞ்சுக் கறி 140 கிராம் அளவுக்கு எடுத்து, வெறும் தண்ணீரில் வேக வைத்து உதிர்த்தால் 100 கிராம் தேறும். மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்து எறியுங்கள். நாயின் பங்குக் கஞ்சியில் இதைக் கலந்தால் 10 கிலோ நாய்க்கு ஒரு நாள் சாப்பாடு. ஒரே வேளையில் வைக்காமல் நாலைந்தாகப் பிரித்து வையுங்கள். கறி சமைக்காத வீட்டில் கொழுப்பு எடுத்த பாலில் செய்த பனீர் போடலாம். ஒன்றிரண்டு ஸ்பூன் வேக வைத்து மசித்த பரங்கிக்காய் சேர்த்தால் மலம் கட்டிப்படும். பால் வேண்டவே வேண்டாம். வளர்ந்த பல நாய்களுக்குப் பாலே பேதியைக் கிளப்பும்.

தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். 10 கிலோ நாய்க்குச் சாதாரண நாளிலேயே அரை லிட்டருக்கு மேல் வேண்டும். குடிக்காவிட்டால் உப்பில்லாத கோழி வெந்த தண்ணீரைக் கொஞ்சம் கலந்து வையுங்கள், வாசத்துக்கு வரும். மூக்கை மேலே தூக்கிப் பிடித்து வாய்க்குள் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. ஓஆர்எஸ் தருவதாக இருந்தால் கால்நடை டாக்டர் சொல்லும் அளவில் மட்டும்.

நாய் எவ்வளவு வறண்டிருக்கிறது என்று பார்க்க மேல் உதட்டைத் தூக்குங்கள். ஈறு வழவழவென்று ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் ஒரு முறை அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். நேரமானாலோ, ஈறு விரலில் பிசுக்கென்று ஒட்டினாலோ, வெளுத்துக் கிடந்தாலோ கஞ்சியை விட்டுவிட்டு டாக்டரிடம் தூக்கிப் போங்கள். தோலைக் கிள்ளிப் பார்ப்பதும் உண்டு, ஆனால் வயதான நாய்க்கும் மெலிந்த நாய்க்கும் அது ஏமாற்றும்.

நம் அலமாரியில் இருக்கும் மாத்திரைகளைத் தொடவே வேண்டாம். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும். பூனையைப் பட்டினி போடுவதும் ஆபத்து. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள், நாளானால் கல்லீரலில் கொழுப்பு படியும். நாய்க்குட்டியையும் பட்டினி போடக் கூடாது.

வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாத நிலை

பிள்ளையிடம்: மலத்தில் ரத்தம், குழிந்த கண், அழுதும் கண்ணீர் இல்லை, 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, எழுப்பினாலும் சோர்ந்து விழுவது, குடிக்கவே முடியாதது. இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரி. வழியெல்லாம் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போங்கள், குடிக்க முடிந்தால்.

தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டி வாந்தியும் நாற்றமடிக்கும் ரத்தப் பேதியுமாகக் கிடந்தால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். இதற்குக் கஞ்சி வைத்தியம் கிடையாது, அன்றைக்கே ட்ரிப் ஏற்ற வேண்டும். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், ஃபினைல் தெளித்தால் போகாது. முதலில் அழுக்கைக் கழுவிவிட்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊற விட்டுக் கழுவுங்கள். அந்த இடம் காயும் வரை மற்ற நாய்களை அண்ட விடாதீர்கள்.

தேறிய பின் நாயை வழக்கமான சாப்பாட்டுக்கு ஒரே நாளில் மாற்றாதீர்கள். மலம் கெட்டியாகி ஒரு நாள் கழித்து, முதல் நாள் கால் பங்கு, அடுத்த நாள் பாதி, பிறகு முக்கால் என்று கஞ்சியோடு கலந்து ஏற்றுங்கள். நடுவில் மறுபடி இளகினால் முந்தைய நாள் அளவுக்கே திரும்பி, இரண்டு நாள் அங்கேயே நில்லுங்கள்.