ஆர்-ல டிஸ்ட்ரிபியூஷன் வரையும்போது எதுக்கு குச்சி, எதுக்கு கோடு

ஆர்ங்கறது புள்ளியியல் கணக்குக்கான ப்ரோக்ராமிங் மொழி, டிஸ்ட்ரிபியூஷன்னா எந்த மதிப்பு எவ்வளவு ப்ராபபிலிட்டியோட வரும்ங்கற கணக்கு. அத வரைய முதல்ல நாலு எழுத்த மனசுல வெச்சுக்கோங்க: டி, பி, க்யூ, ஆர். டிஸ்ட்ரிபியூஷன் பேருக்கு முன்னாடி இதுல ஒண்ண ஒட்டணும், டி போட்டா அந்த இடத்தோட உயரம் வரும், பி போட்டா அதுவரைக்கும் சேர்ந்த மொத்த ப்ராபபிலிட்டி, க்யூ அதுக்கு தலைகீழ், ஆர் போட்டா ரேண்டம் நம்பர் எடுத்துக் குடுக்கும். நார்மலுக்கு (மணி வடிவ டிஸ்ட்ரிபியூஷன்) டிநார்ம், பாய்ஸானுக்கு (அபூர்வமா நடக்கறது எத்தனை தடவ நடக்கும்ங்கற கணக்கு) டிபாய்ஸ். படம் வரைய பெரும்பாலும் டி தான்.

பாய்ஸான நிஜ டேட்டா வெச்சே பாப்போம். பிரஷ்ய ராணுவத்துல குதிரை உதைச்சு செத்தவங்க கணக்கு, போர்ட்கியேவிச்ங்கற புள்ளியியல் அறிஞர் 1898ல வெளியிட்டது, எனக்கு ரொம்பப் பிடிச்ச டேட்டா இது. 10 படைப்பிரிவு, 20 வருஷம், ஆக 200 பதிவு. 109ல சாவே இல்ல, 65ல ஒருத்தர், 22ல ரெண்டு பேர், 3ல மூணு பேர், ஒண்ணுல நாலு பேர். மொத்தம் 122 சாவு, 200ஆல வகுத்தா சராசரி 0.61.

எக்ஸுக்கு 0:4 குடுங்க, அதாவது 0லேர்ந்து 4 வரைக்கும் சாவு எண்ணிக்கை. அப்புறம் பிளாட்டுக்குள்ள எக்ஸ், அடுத்து 200 * டிபாய்ஸ்(எக்ஸ், 0.61), கடைசியா டைப்ங்கற ஆர்குமென்ட்டுக்கு கொட்டேஷனுக்குள்ள சின்ன எச். குச்சி குச்சியா நிக்கும். எச்சுக்கு பதிலா எல் போட்டா எல்லாத்தையும் சேத்து கோடு இழுத்துடும், தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க, ஒன்றரை பேர் சாகறதுன்னு ஒண்ணு கிடையாது, ஆனா அந்தக் கோடு 1.5க்கும் ஏதோ மதிப்பு இருக்குன்னு பாக்கறவங்கள நம்ப வெச்சிடும். பைனாமியலுக்கும் (இத்தனை முயற்சில எத்தனை வெற்றிங்கற கணக்கு) இதே தான்.

இப்ப பாயிண்ட்ஸ் ஃபங்ஷன்ல அதே எக்ஸ், கூடவே நிஜ எண்ணிக்கைய சேத்து வெக்கற சி(109, 65, 22, 3, 1). புள்ளி எல்லாம் கிட்டத்தட்ட குச்சி நுனியிலயே போய் உக்காரும், ஏன்னா ஃபார்முலா சொல்றது 108.7, 66.3, 20.2, 4.1, 0.6. மொத தடவ இத ஸ்கிரீன்ல பாத்தப்ப எனக்கு புல்லரிச்சுது.

நார்மலுக்கு வந்தா கர்வ் ஃபங்ஷன் தான் சுலபம். கர்வ்(டிநார்ம்(எக்ஸ், 0, 1), -4, 4)னு அடிச்சா மணி மாதிரி வரும், உச்சி 0.399. டிநார்ம்ல மூணாவதா குடுக்கறது ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (மதிப்பெல்லாம் எவ்வளவு பரவி இருக்குங்கற அளவு), அதோட வர்க்கமான வேரியன்ஸ் இல்ல, அதனால வேரியன்ஸ் 4ன்னா அங்க 2 போடணும். அந்த ஸ்டாண்டர்ட் டீவியேஷன 0.1 ஆக்குனா உச்சி 3.99க்கு போயிடும், ப்ராபபிலிட்டி எப்படி 1ஐ தாண்டும்னு பயப்படாதீங்க, இங்க உயரம் ப்ராபபிலிட்டி இல்ல, கோட்டுக்கு கீழ இருக்கற பரப்பு தான் ப்ராபபிலிட்டி. பிநார்ம்(1) - பிநார்ம்(-1) போட்டுப் பாருங்க, 0.6827 வரும், நடுவுல இருக்கற அந்தத் துண்டோட பரப்பு அது.

ஹிஸ்டோகிராம் (டேட்டாவ பார் பாரா காட்டற படம்) மேல இந்த கர்வ வரையணும்னா ஹிஸ்ட்ல ஃப்ரீக் = ஃபால்ஸ், கர்வ்ல ஆட் = ட்ரூ, ரெண்டுமே வேணும். முதல் ஒண்ண விட்டுட்டா பார் எல்லாம் எண்ணிக்கையில நூத்துக்கணக்குல ஏறி நிக்கும், உங்க கர்வ் கீழ தரையோட தரையா ஒட்டிக் கிடக்கும், கோடே வரலன்னு நெனச்சு ப்ரோக்ராம மாத்தி மாத்தி அடிச்சுட்டு இருப்பீங்க.