பிஎஸ்என்எல் பற்றி ஒரு பொருளாதார ஆய்வு எழுதுவது எப்படி?

கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு பிஎஸ்என்எல்லை எடுத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். முதல் பத்தியில் 2000 அக்டோபர் 1 அன்று நிறுவனம் தொடங்கிய கதை வரும், அடுத்ததில் நஷ்டக் கணக்கு வரும், மூன்றாவது பத்திக்குள் "அரசு நிறுவனம் என்றாலே இப்படித்தான்" என்றோ "தனியாருக்காக வேண்டுமென்றே அழித்துவிட்டார்கள்" என்றோ முடிவும் வந்துவிடும். இந்த இரண்டில் எது சரி என்று நான் இங்கே வாதாடப் போவதில்லை. தேவை, அளிப்பு, போட்டி மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கு வந்தாலும் அது அபிப்பிராயம்தான், ஆய்வு இல்லை. அதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி வேண்டும்

"பிஎஸ்என்எல் ஒரு பொருளாதார ஆய்வு" என்பது தலைப்புதான், கேள்வி ஆகாது. கேள்வி சின்னதாக, பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். நான் பரிந்துரைப்பது இது: 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றியபோது பிஎஸ்என்எல்லுக்கு ஓடி வந்த வாடிக்கையாளர் கூட்டம் ஏன் சில மாதங்களில் வற்றிப்போனது?

இந்த ஒரு கேள்விக்குள் நமக்கு வேண்டிய மூன்றும் இருக்கின்றன. ஆட்கள் வந்தது தேவை. தங்காமல் போனதில் அளிப்பு இருக்கிறது. கட்டணத்தை மூன்று பேரும் சேர்ந்தாற்போல் ஏற்ற முடிந்தது போட்டியின் லட்சணம். பொருளாதாரத்தில் பரிசோதனைக்கூடம் கிடையாது, அதனால் இப்படி ஒரு சம்பவம் தானாக அமைந்தால் விடக்கூடாது.

தரவு எங்கே கிடைக்கும்

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் மாதாமாதம் சந்தாதாரர் எண்ணிக்கையை வெளியிடுகிறது. நிறுவனவாரியாக, வட்டவாரியாக (தொலைத்தொடர்புக்காக நாட்டைப் பிரித்திருக்கும் பகுதிகள்தான் வட்டங்கள்) எல்லாம் இருக்கும். காலாண்டு அறிக்கையில் வருவாய் விவரம் வரும். பிஎஸ்என்எல் ஆண்டறிக்கை, நாடாளுமன்றத்தில் அமைச்சர் எழுத்துமூலம் தரும் பதில்கள், அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கைகள், இவ்வளவு போதும். நாளிதழ்ச் செய்தியில் பார்த்த எண்ணை அப்படியே எடுத்துப் போடாதீர்கள், மூல அறிக்கையில் ஒருமுறை சரிபாருங்கள்.

தேவைப் பக்கம்

கட்டணம் எவ்வளவு ஏறியது என்பதிலிருந்து தொடங்குங்கள். அந்த ஜூலையில் ஜியோவின் 239 ரூபாய் திட்டம் 299 ஆனது, அதாவது 25 சதவீதம். ஏர்டெல்லின் 265 ரூபாய் திட்டமும் 299 ஆனது, அது 13 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆக ஒரே மாதத்தில் திட்டத்துக்குத் திட்டம் உயர்வு வேறுபடுகிறது. சராசரி போடும்போது எந்தத் திட்டங்களை எடுத்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். இங்கே 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

பிஎஸ்என்எல் ஏற்றவில்லை. அதனிடம் சுமார் 8.6 கோடி மொபைல் இணைப்புகள் இருந்தன, ஜூலையில் மட்டும் சுமார் 29 லட்சம் கூடியது. அதே மாதம் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றுமே சந்தாதாரர்களை இழந்தன. ஒருவர் விலை மாறினால் இன்னொருவருக்கான தேவை எவ்வளவு மாறுகிறது என்று சொல்வது குறுக்கு நெகிழ்ச்சி. அதற்கு, போட்டியாளர் விலை மாறிய சதவீதத்தால் நம் நிறுவனத்தின் தேவை மாறிய சதவீதத்தை வகுக்க வேண்டும். 29 லட்சம் என்பது 8.6 கோடியில் 3.4 சதவீதம். 3.4-ஐ 15-ஆல் வகுத்தால் 0.2 சொச்சம் வரும். நேர்மறை எண், ஆகவே இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றுப் பொருட்கள்தான். ஆனால் எண் சிறியது. 0.2-ஐப் பார்த்ததும் "பலவீனமான மாற்று" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும், நகராதீர்கள். இது ஒரு மாதக் கணக்கு மட்டும்தான். 28 நாள், 84 நாள் ரீசார்ஜ் கையில் இருப்பவர் அது முடிகிற வரை அசையமாட்டார். ஆகஸ்டில் மேலும் 25 லட்சம் போல வந்தார்கள், செப்டம்பரில் அது எட்டரை லட்சமாகச் சுருங்கியது, நவம்பரில் கூடுவதற்குப் பதில் 3 லட்சத்துக்கு மேல் குறைந்தே போனது. இந்த வளைவுதான் உங்கள் ஆய்வின் முதல் வரைபடம்.

அப்புறம், சிம் எண்ணிக்கையைத் தேவை என்று எடுத்துக்கொள்வதில் பெரிய ஓட்டை இருக்கிறது. நம் ஊரில் பாதிப் பேர் போனில் இரண்டு சிம் இருக்கிறது. அந்தச் சமயத்தில் பிஎஸ்என்எல்லில் 107 ரூபாய்க்கு 35 நாள் செல்லுபடி கிடைத்தது, நாளைக்கு மூன்று ரூபாய். ஏர்டெல்லின் மிகக் குறைந்த 28 நாள் திட்டம் 199 ரூபாய், நாளைக்கு ஏழு ரூபாய்க்கு மேல். பேங்க் ஓடிபிக்காகவோ, பழைய நம்பரை விட மனமில்லாமலோ இரண்டாவது சிம்மை உயிரோடு வைத்திருக்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. அவர் பிஎஸ்என்எல்லுக்கு மாறினால் கணக்கில் ஒரு சந்தாதாரர் கூடுவார், ஆனால் அவருடைய டேட்டா செலவு முதல் சிம்மிலேயே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ட்ராய் அறிக்கையில் விஎல்ஆர் என்றொரு கணக்கு இருக்கிறது. உண்மையில் நெட்வொர்க்கில் இயங்கும் சிம்கள் எத்தனை சதவீதம் என்று அது சொல்லும். ஏர்டெல்லுக்கு அது 99 சதவீதத்தை ஒட்டி இருந்தபோது பிஎஸ்என்எல்லுக்கு 60 சதவீதம் அளவில்தான் இருந்தது. ஆகவே தேவையை இரண்டாகப் பிரியுங்கள்: எண்ணை உயிரோடு வைத்திருப்பதற்கான தேவை, இணையத்துக்கான தேவை. முதலாவதில் விலை பேசும், இரண்டாவதில் வேகம் பேசும்.

அளிப்புப் பக்கம்

பாடப்புத்தகத்தில் வரைவது போல மேல்நோக்கி ஏறும் அளிப்புக் கோடு ஒன்றை வரைந்துவிட்டு அதைத் தேவைக் கோட்டோடு வெட்டவிடாதீர்கள். நான்கே நிறுவனங்கள் இருக்கும் சந்தையில் அந்தப் படம் பொருந்தாது. செலவு அமைப்பை எழுதுங்கள், அதுதான் பயன்படும். டவர், ஃபைபர், அலைக்கற்றை எல்லாம் மாறாச் செலவு. ஏற்கெனவே நிற்கிற டவரில் இன்னொரு வாடிக்கையாளரைச் சேர்க்க ஆகும் இறுதிநிலைச் செலவு பூஜ்யத்துக்குப் பக்கம். அதனால் யாரிடம் ஆள் அதிகமோ அவருடைய சராசரிச் செலவு குறையும். பின்தங்கியவர் மேலும் பின்தங்குவதற்கு இந்த ஒன்றே போதும்.

இப்போது காலக்கோடு போடுங்கள். 2010-இல் தனியாருக்கு 3ஜி ஏலம் நடந்தது. ஏலத்தில் பங்கெடுக்காமலே அலைக்கற்றை பெற்றிருந்த பிஎஸ்என்எல், ஏலத்தில் வந்த விலைக்குச் சமமாகப் பணம் கட்ட வேண்டியதாயிற்று. பிராட்பேண்ட் அலைக்கற்றையையும் சேர்த்தால் சுமார் 18,500 கோடி ரூபாய். எந்த வட்டத்தில் வாங்குவது, எந்த விலையில் நிறுத்திக்கொள்வது என்ற தேர்வு அதற்கு இல்லை. அதே காலத்தில் 9.3 கோடி இணைப்புகளுக்கான பெரிய ஜிஎஸ்எம் (மொபைல் நெட்வொர்க்) டெண்டரும் ரத்தானது. லாபத்தில் முடிந்த கடைசி நிதியாண்டு 2008–09.

4ஜி கதை இன்னும் முக்கியம். ஏர்டெல் 2012-இல் கொல்கத்தாவில் 4ஜியைத் தொடங்கியது, ஜியோ 2016 செப்டம்பரில் வந்தது. பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி அலைக்கற்றை தர அமைச்சரவை ஒப்புக்கொண்டதே 2019 அக்டோபரில்தான். அதற்குப் போட்ட டெண்டரும் 2020-இல் ரத்தானது, உள்நாட்டுக் கருவிகளைத்தான் வாங்க வேண்டும் என்றானது. சி-டாட் என்ற அரசு ஆய்வு மையமும் தேஜாஸ், டிசிஎஸ் நிறுவனங்களும் சேர்ந்து உள்ளூரிலேயே உருவாக்கிய தொழில்நுட்பம் 97,500க்கும் மேற்பட்ட டவர்களோடு முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது 2025 செப்டம்பர் 27 அன்று, ஒடிசாவின் ஜார்சுகுடாவில். சொந்தமாகத் தொழில்நுட்பம் செய்யத் தெரிந்த நாடாக இருப்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஆய்வு எழுதும்போது அந்தப் பெருமையின் செலவு யார் கணக்கில் விழுந்தது என்று கேட்டாக வேண்டும். அது பிஎஸ்என்எல்லின் கணக்கில் விழுந்தது, கழன்றுபோன வாடிக்கையாளர்களாக விழுந்தது.

நம் கேள்விக்குத் திரும்புவோம். 2024 அக்டோபர் இறுதியில் 50,000 டவர்களில் 4ஜி கருவி பொருத்தப்பட்டு, சுமார் 41,000 மட்டும் இயங்கிக்கொண்டிருந்தன. ஜூலையில் கூட்டம் வாசலுக்கு வந்தபோது உள்ளே நாற்காலி போடும் வேலை பாதிகூட முடியவில்லை. உங்கள் வரைபடத்தில் சந்தாதாரர் வளைவுக்குக் கீழேயே இயங்கும் 4ஜி டவர்களின் எண்ணிக்கையையும் மாதவாரியாகப் போடுங்கள்.

ஊழியர் செலவைப் பற்றி எல்லாரும் எழுதுவார்கள், நீங்களும் எழுதத்தான் வேண்டும். 2019 வாக்கில் வருவாயில் முக்கால்வாசி சம்பளத்துக்கே போனது, தனியார் நிறுவனங்களில் அது ஆறு சதவீதத்துக்கும் கீழே. விருப்ப ஓய்வில் 78,569 பேர் 2020 ஜனவரி 31 அன்று வெளியேறினார்கள். 2019–20இல் 15,500 கோடியாக இருந்த நஷ்டம் அடுத்த ஆண்டு 7,441 கோடிக்கு வந்தது. ஆள்குறைப்பு நஷ்டத்தைக் குறைத்தது என்பது உண்மை. ஆனால் வருவாயை அது வளர்க்கவில்லை. ஓய்வில் போனவர்களோடு கேபிள் எங்கே புதைந்திருக்கிறது என்ற அறிவும் சேர்ந்து போனது. நிலைவழித் தொலைபேசியில் 2022 ஆகஸ்டில் ஜியோ முந்திக்கொண்டது.

சமூகக் கடமையைத் தனிப் பத்தியில் வையுங்கள். லாபமே வராத மலைக்கிராமத்திலும் எல்லையோரத்திலும் டவர் வைப்பது அரசு சொல்லிச் செய்கிற வேலை. 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு அதைக் கொண்டுபோக 2022-இல் 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது போல, அதற்கு அரசு தனியாகப் பணம் தருகிறது. தருகிற பணம் ஆகிற செலவுக்குப் போதுமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் செலவையும் டெண்டர் தாமதத்தால் வந்த நஷ்டத்தையும் ஒரே பையில் போட்டால், திறமைக்குறைவைச் சேவை என்று மெழுகுவீர்கள், அல்லது சேவையைத் திறமைக்குறைவு என்று திட்டுவீர்கள்.

போட்டிப் பக்கம்

இங்கே கணக்கு எளிது. 2024 இறுதியில் மொபைல் சந்தைப் பங்குகளைத் தோராயமாக முழு எண்ணாக்கினால் ஜியோ 40, ஏர்டெல் 34, வோடபோன் ஐடியா 18, பிஎஸ்என்எல் 8. சந்தை எவ்வளவு சிலர் கையில் குவிந்திருக்கிறது என்று காட்டும் ஹெர்ஃபிண்டால் குறியீட்டுக்கு ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள்: 1600 + 1156 + 324 + 64 = 3144. அமெரிக்காவின் 2023 வழிகாட்டுதல்படி 1,800 தாண்டினாலே மிகவும் குவிந்த சந்தை. 10,000-ஐ 3144-ஆல் வகுத்தால் 3.2 வருகிறது, அதாவது சம பலமுள்ள மூன்று நிறுவனங்கள் மட்டும் இருக்கும் சந்தை போல இது நடந்துகொள்ளும். விஎல்ஆர் எண்ணை வைத்து இதையே மறுபடி போட்டால் குவிப்பு இன்னும் கூடும், போட்டுப் பாருங்கள்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. தமிழ்நாட்டில் ஏர்செல் எவ்வளவு பெரிய ஆள் என்று அந்தக் காலத்தில் சிம் வாங்கியவர்களுக்குத் தெரியும். 2018-இல் அது சிக்னல் போய்ப் படுத்தபோது எண்ணை மாற்றிக்கொள்ள ஜனங்கள் அலைந்தார்கள். ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்ற பிறகு 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை என்று மூன்று முறையும் தனியார் மூவரும் சில நாள் இடைவெளியில் கட்டணம் ஏற்றினார்கள். பேசிவைத்துச் செய்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள், அதற்கு ஆதாரம் வேண்டும். சில்லோர் முற்றுரிமையில், அதாவது சில நிறுவனங்களே இருக்கும் சந்தையில், ஒருவர் ஏற்றினால் மற்றவர் பேசாமலே பின்தொடர்வது சகஜம்.

இந்த இடத்தில்தான் அரசு நிறுவனம் முக்கியமாகிறது. விலை ஏற்றாத நான்காவது ஆள் ஒருவர் நின்றால் மற்ற மூவரும் ஏற்றுவதற்கு யோசிக்க வேண்டும். ஆனால் அந்த நான்காவது ஆளிடம் வருகிற கூட்டத்தைத் தாங்கும் கொள்ளளவு இல்லையென்றால் அவருடைய குறைந்த விலை யாரையும் பயமுறுத்தாது. என் பார்வையில் பிஎஸ்என்எல் விஷயத்தின் மையம் இதுதான்: பிஎஸ்என்எல்லின் 4ஜி தாமதம் ஜியோ வாடிக்கையாளரின் பில்லிலும் ஏறுகிறது. நீங்கள் இதை ஏற்க வேண்டியதில்லை, ஆனால் சோதித்துப் பார்க்க முடியும். பிஎஸ்என்எல் 4ஜி முதலில் பரவிய வட்டங்களில் ஆட்கள் அதிகம் தங்கினார்களா என்று வட்டவாரி எண்களை ஒப்பிடுங்கள். தங்கியிருந்தால் என் வாதம் நிற்கும், இல்லையென்றால் விழும்.

லாபம் வந்த செய்தியை எப்படிப் படிப்பது

2024 அக்டோபர்–டிசம்பர் காலாண்டில் 262 கோடி ரூபாய் லாபம், 17 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் காலாண்டு லாபம் என்று செய்தி வந்தது. அடுத்த காலாண்டிலும் லாபம். ஆனால் 2024–25 முழு ஆண்டுக்கு நஷ்டம் 2,247 கோடி, 2025 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் மறுபடியும் ஆயிரம் கோடிக்கு மேல் நஷ்டம். காலாண்டு எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். தேய்மானத்துக்கு முந்தைய லாபத்தைத் தனியாக எடுங்கள், ஏனென்றால் புதிய டவர்கள் கணக்கில் ஏற ஏறத் தேய்மானம் கூடும். அரசு போட்ட மூலதனத்தை வருவாயோடு கலக்காதீர்கள். 2022-இல் அறிவித்த 1.64 லட்சம் கோடித் தொகுப்பில் ரொக்கம் எவ்வளவு, அலைக்கற்றை போன்ற ரொக்கமில்லாத உதவி எவ்வளவு என்று பிரித்து ஒரு அட்டவணை போடுங்கள். பக்கத்திலேயே செயல்பாட்டு வருவாயையும் வையுங்கள், 2024–25இல் அது 20,841 கோடி.

கடைசியாக ஒரு வேலை. தமிழ்நாடு வட்டத்துக்கு மட்டும் இதே கணக்குகளை 2024 ஜூன் முதல் 2025 டிசம்பர் வரை மாதவாரியாகப் போட்டு, 2025 செப்டம்பருக்கு முன், பின் என்று ஒரு கோடு கிழியுங்கள். அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் விஎல்ஆர் சதவீதம் ஏறுகிறதா இல்லையா என்பதை முதலில் பார்த்துவிட்டு, முடிவுரையை அதற்கப்புறம் எழுத உட்காருங்கள்.