போட்டாக்ஸ் ஊசிக்குப் பிறகு யூரின் இன்ஃபெக்‌ஷன் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

அடக்க முடியாமல் அவசரமாகச் சிறுநீர் வரும் தொல்லைக்கு மாத்திரை கேட்காதபோது சிறுநீர்ப்பைத் தசையில் போட்டாக்ஸ் ஊசி போடுகிறார்கள், வழக்கமாக 100 யூனிட். கோபியில் இருக்கும் எங்கள் அத்தைக்குக் கோவையில் போட்டோம். தொல்லை நன்றாகக் குறைந்தது. ஆனால் இந்த ஊசிக்குப் பிறகு சிறுநீர்த் தொற்று வருவது சகஜம். வீட்டில் கவனிக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஊசிக்கு முன்பே யூரின் டெஸ்ட். தொற்று இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் ஊசி. கொடுக்கும் ஆன்டிபயாடிக்கை நடுவில் நிறுத்தாதீர்கள்.

2. சிறுநீர் கழித்த பிறகு பையில் மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். முக்கியமான படி இதுதான். ஊசி தசையைத் தளர்த்துகிறது. தளர்ச்சி அதிகமானால் பை முழுதாகக் காலியாகாது. தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகும். தேங்குவது அவர்களுக்கே தெரியாது. "நல்லாத்தான் போகுது கண்ணு" என்றுதான் அத்தையும் சொன்னார், ஸ்கேனில்தான் தெரிந்தது. ஊசி போட்ட இரண்டு வாரத்துக்குள், மிச்சத்தை அளக்கும் இந்த ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். சிறுநீர் கழித்த உடனே எடுக்க வேண்டும். கழித்துவிட்டு வரிசையில் அரைமணி நேரம் காத்திருந்தால் பை மறுபடி நிரம்பி, கணக்கு தப்பாகக் காட்டும். உங்கள் முறை வரும்போது கழித்துவிட்டு வர அனுமதி கேளுங்கள். மிச்சம் 200 மில்லிக்கு மேல் இருந்து சிரமமும் இருந்தால், டியூப் வைத்து எடுப்பது பற்றி டாக்டர் பேசுவார்.

3. வீட்டில் இரண்டு தடவை கழிக்கப் பழக்குங்கள். பாதம் தரையில் ஊன்றி உட்கார்ந்து, முடிந்ததும் ஓரிரு நிமிடம் பொறுத்து, லேசாக முன்னால் சாய்ந்து மறுபடி முயல வேண்டும். முக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு வருகிறது என்று அளக்க, அளவுக்கோடு போட்ட ஒரு லிட்டர் பிளாஸ்டிக் மக் வாங்கிக்கொள்ளுங்கள். அடிக்கடி போய் ஒவ்வொரு தடவையும் கொஞ்சமே வந்து, அடிவயிறும் கனமாக இருந்தால் தேங்குகிறது என்று சந்தேகப்படுங்கள்.

4. டியூப் தேவைப்பட்டால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் வழுக்குப் பூச்சு உள்ளதையே கேட்பேன். விலை கூடத்தான், ஆனால் உராய்வு குறைவு. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தொடவே கூடாது.

5. பஸ் பயணத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் டாக்டர் சொன்ன அளவில் குடிக்கட்டும்.

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் வந்தால், மாத்திரைக்கு முன் சிறுநீரைக் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று பார்க்கும் டெஸ்ட்) கொடுங்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா வலி, சிறுநீரே வராதது, இதில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி.

பின்சேர்க்கை: பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து இளநீர் போதுமா என்று கேட்டிருந்தார்கள். தாராளமாகக் குடிக்கலாம், ஆனால் வந்த தொற்றை அது போக்காது. இன்னொருவருக்கு உள்ளூர் கிளினிக்கில் தொற்றுக்கு அமிகாசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போடப் பார்த்தார்களாம். அந்த வகை மருந்து போட்டாக்ஸின் தளர்ச்சியைக் கூட்டலாம். எந்த டாக்டரிடம் போனாலும் போட்டாக்ஸ் போட்ட தேதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.