திரையின் பின்னொளியைக் குறைக்க ஒரு குமிழ்

வெள்ளவத்தை வீட்டில் நானே செய்த மணிக்கூடு ஒன்று இருக்கிறது. இரண்டு வரி எழுத்துத் திரை, நீலப் பின்னொளி. பகலில் அழகாகத்தான் இருந்தது. இரவில் அறைச் சுவரெல்லாம் நீலம். "உன் மணிக்கூடு என்னை நித்திரை கொள்ள விடாது, தம்பி" என்று அம்மம்மா அதன்மேல் துவாயைப் போட்டுவிட்டார்.

முதலில் பின்னொளிக் கம்பியில் 10 கிலோ ஓம் வொலியூம் (திருப்பினால் தடை மாறும் குமிழ்) ஒன்றைத் தொடராகப் போட்டுப் பார்த்தேன். சற்றுத் திருப்பியதுமே ஒளி மங்கிப் போயிற்று. மீதித் திருப்பம் வீண். பின்னொளியோடு இருந்தது வெறும் 100 ஓம் தடையி. ஆகவே முதல் 1 கிலோ ஓமிலேயே மின்னோட்டம் பத்தில் ஒரு பங்குக்கு அருகே இறங்கிவிடுகிறது. மின்னோட்டத்தை நெரிப்பதை விட, விளக்கை வினாடிக்கு ஆயிரம் முறை அணைத்து ஏற்றுவது நல்லது. ஏற்றி வைத்திருக்கும் நேரம் குறையக் குறைய, கண்ணுக்கு ஒளி மங்கும். 1972இல் சந்தைக்கு வந்த 555 சில்லு இதை நிரல் எதுவும் இல்லாமலே செய்யும்.

பாடசாலையில் தடையி, கொள்ளளவி, இருவாயி என்று படித்தோம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டயோட் என்று கேளுங்கள். வேண்டியவை: 555 ஒன்று, 2என்2222 திரான்சிற்றர் ஒன்று, 1என்4148 இருவாயி இரண்டு, 1 கிலோ ஓம் தடையி இரண்டு, 103 என்று பதித்த கொள்ளளவி இரண்டு, 104 ஒன்று, 100 கிலோ ஓம் வொலியூம் ஒன்று. வொலியூமில் 'ஏ' வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். மங்கலான ஒளியில் சிறு மாற்றமும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். 'ஏ' வகை அந்தப் பக்கத்தில் மெதுவாக நகரும்.

சில்லைப் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் கால்களைக் குத்தும் துளைப் பலகையில்) குத்துங்கள். சில்லின் ஓரத்திலுள்ள வெட்டு இடப்பக்கம் இருந்தால், கீழ் வரிசையின் இடக்கோடியில் இருப்பது 1ஆம் கால். அங்கிருந்து வலமாகச் சென்று மேல் வரிசையில் திரும்பி வர வேண்டும். 1ஆம் கால் தரைக்கு, அதாவது 5 வோல்ற் வழங்கியின் எதிர்முனைக்கு. 4ஆம், 8ஆம் கால்கள் 5 வோல்ற்றுக்கு. 104ஐ 8க்கும் 1க்கும் நடுவே போடுங்கள். ஒரு 103ஐ 5ஆம் காலிலிருந்து தரைக்குப் போடுங்கள். 2ஐயும் 6ஐயும் ஒன்றாக்கி, மற்ற 103ஐ அங்கிருந்து தரைக்கு இணையுங்கள். 7ஆம் காலிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக 5 வோல்ற்றுக்கு ஒரு இணைப்பு. அதே கால் வொலியூமின் நடுக்காலுக்கும் போகட்டும்.

நான் ஒரு மாலை முழுவதையும் தொலைத்தது இருவாயிகளில்தான். வொலியூமின் தண்டு உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கட்டும். இடக்காலிலிருந்து முதல் இருவாயி 2-6 சந்திக்கு. அதன் கறுப்புக் கோடு சந்திப் பக்கம். வலக்காலிலிருந்து இரண்டாவது இருவாயியும் அதே சந்திக்குத்தான், ஆனால் அதன் கோடு வொலியூம் பக்கம். கொள்ளளவி ஒரு வழியால் ஏறி மறு வழியால் இறங்குகிறது. இரண்டு கோடுகளும் ஒரே பக்கம் பார்த்தால் சுற்று ஓடாது.

3ஆம் காலிலிருந்து மீதி 1 கிலோ ஓம் வழியாகத் திரான்சிற்றரின் அடிவாய்க்கு (பேஸ்). காலி (எமிற்றர்) தரைக்கு. சேகரிப்பான் (கலெக்ரர்) திரையின் 16ஆம் காலுக்கு. அது முன்பு தரையோடு இணைந்திருந்தால் கழற்றிவிடுங்கள். 15ஆம் கால் 5 வோல்ற்றுக்கு. திரைப் பலகையில் பின்னொளித் தடையி இல்லாவிட்டால் நடுவே 100 ஓம் ஒன்றைப் போடுங்கள். திரையின் தரையும் சுற்றின் தரையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் 2என்2222இன் கால் வரிசை தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும். மல்டிமீட்டரின் இருவாயி நிலையில் சிவப்பு முனையை எந்தக் காலில் வைத்தால் மற்ற இரண்டுக்கும் 0.6 – 0.7 வோல்ற் காட்டுகிறதோ அதுதான் அடிவாய். அந்த இரண்டில் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது காலி.

தொலைபேசி சார்ஜரின் 5 வோல்ற்றைக் கொடுத்துக் குமிழை வலப்பக்கம் திருப்புங்கள். ஒளி கூட வேண்டும். குறைந்தால் வொலியூமின் இரண்டு ஓரக் கால்களிலும் உள்ள கம்பிகளை மாற்றிப் போடுங்கள். கைத்தொலைபேசிக் கமராவில் கோடுகள் ஓடினால் பயப்பட வேண்டாம்; கமரா பார்ப்பது அந்த அணைவையும் ஏற்றத்தையும்தான்.

இதே துணிச்சலில் தொலைக்காட்சியைத் திறந்துவிடாதீர்கள். அதன் பின்னொளிப் பட்டைகளில் நூறு வோல்ற்றையும் தாண்டலாம். 230 வோல்ற் மின்சாரம் வரும் பலகையும் உள்ளேயே இருக்கிறது.